பெரிய டரன்டுலா வாங்க நினைப்பவருக்கு

என் அக்காவின் மகன் கனடாவில் படிக்கிறான். போன மாதம் இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் அழைத்து, "மாமா, டரன்டுலாவில ஆகப் பெரிசு எது?" என்று கேட்டான். சுகம் விசாரித்ததுகூட அதற்கு அப்புறம்தான். டரன்டுலா என்றால் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி வகை. அதே கிழமை, திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பொடியன் ஒருவன், மூடியில் துளை போட்ட போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். உள்ளே சாம்பலும் கறுப்புமாகப் பெரிய புலிமுகச் சிலந்தி. கன்னியாவில் அம்மம்மா வீட்டுச் சுவரில் பிடித்ததாம். "இதை வளர்க்கலாமா மாமா?"

நான் வெளிநாட்டில் இருந்தபோது ஒன்பது வருஷம் டரன்டுலா வளர்த்தேன். ஒரு கட்டத்தில் பதினான்கு பெட்டிகள் இருந்தன. ஊர் திரும்பும்போது எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கேள்விகள் மட்டும் இன்னும் வருகின்றன. கூடுதலாக வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து, சில வேளை இங்கிருந்தும். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். மருமகனுக்குச் சொன்னதுதான் எல்லாருக்கும்: அளவைக் கடைசியாகப் பார். அந்தச் சிலந்தி எங்கிருந்து வந்தது, எத்தனை வருஷம் இருக்கும், மண்ணுக்குள் வாழுமா மேலே ஏறுமா, கோபம் வந்தால் என்ன செய்யும் என்பதை முதலில் பார்.

முதல் வேலை: எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

காட்டில் பிடித்ததா, பெட்டிக்குள் பிறந்ததா? விற்பவர் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். காட்டில் பிடித்தவை ஒட்டுண்ணியோடு வரும், வயது தெரியாது, பயணத்தில் நீர் வற்றிப் போயிருக்கும். என்னிடம் வந்த ஒன்று மூன்றாம் கிழமையே செத்தது. அதைவிடப் பெரிய விஷயம், பெண் டரன்டுலா முதிர்ச்சியடையப் பல வருஷம் எடுக்கும். காட்டிலிருந்து முதிர்ந்த பெண்களை எடுத்துக்கொண்டே போனால் அந்த இடத்தில் அந்த இனம் மீள நெடுங்காலம் பிடிக்கும்.

புலிமுகச் சிலந்தி என்று நாங்கள் சொல்வதும் ஒரு டரன்டுலாதான், பொயெசிலோதீரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இயற்கையாக உண்டு. 2018இல் அமெரிக்கா இலங்கையின் ஐந்து பொயெசிலோதீரியா இனங்களை அழியும் ஆபத்தில் உள்ளவையாக அறிவித்தது. அதனால் அங்கே அவற்றை அனுமதியில்லாமல் மாநிலம் விட்டு மாநிலம் விற்க முடியாது. 2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) மாநாட்டில், இலங்கையும் அமெரிக்காவும் முன்வைத்ததன் பேரில், பேரினம் முழுவதும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கடதாசி கட்டாயம். மெக்சிக்கோவின் சிவப்பு முழங்கால் டரன்டுலா அடங்கிய பிராக்கிபெல்மா பேரினமும் அதே பின்னிணைப்பில்தான் இருக்கிறது.

இலங்கையில் இருப்பவர்களுக்கு: நாட்டுச் சிலந்தியைப் பிடித்து விற்பதும் வெளியே அனுப்புவதும் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனத்தை உயிரோடு கொண்டுவருவதற்கும் அனுமதி வேண்டும். பார்சலில் ஒளித்துக் கொண்டுவந்து தரலாம் என்று எவராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஐயம் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தில் நேரே கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் நகர சபையின் விதியையும் வாடகை ஒப்பந்தத்தையும் வாசித்துவிட்டு வாங்குங்கள். வீட்டுக்காரர் பின்னால் கண்டுபிடித்தால் அலைக்கழிவது சிலந்திதான்.

அளவு என்றால் என்ன அளவு

விற்பவர்கள் சொல்லும் சென்ரிமீற்றர் கால்விரிப்பு. இடப்பக்க முன்கால் நுனியிலிருந்து வலப்பக்கப் பின்கால் நுனி வரை, மூலைக்கு மூலை, கால்கள் இயல்பாக விரிந்திருக்கும்போது அளப்பது. கழற்றிய தோலை இழுத்து நீட்டி அளந்துவிட்டு 25 என்று சொல்பவர்களும் உண்டு. தோல் ஈரத்தில் நன்றாக இழுபடும், அதை நம்ப வேண்டாம்.

கோலியாத் டரன்டுலா, அதாவது தெரபோசா பிளொன்டி, பாரத்தில் ஆகப் பெரியது. 1965இல் வெனிசுவேலாவில் பிடிபட்ட ஒன்று 28 சென்ரிமீற்றர் இருந்தது. வீட்டில் சோறு சாப்பிடும் கோப்பையை எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதன் விட்டம். பெரிய பெண் ஒன்று 170 கிராமைத் தொடும். பார்த்தவுடன் நெஞ்சு அடிக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரிய இனத்தோடு பழகாத ஒருவர் அதில் தொடங்குவதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று கீழே வருகிறது.

ஆணா பெண்ணா

இதைப் பலர் கேட்பதே இல்லை, பிறகு அழுகிறார்கள். ஆண் முதிர்ச்சியடைந்த பிறகு பெரும்பாலும் ஒன்று ஒன்றரை வருஷம்தான் இருக்கும். பெண் இனத்தைப் பொறுத்துப் பதினைந்து, இருபது வருஷமும் இருக்கும். "நல்ல பெரிசு, விலையும் குறைவு" என்று ஒன்று வந்தால், அது முதிர்ந்த ஆணாக இருக்க வாய்ப்புக் கூட. வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய கைபோன்ற உறுப்பின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல உருண்டிருக்கிறதா என்று பாருங்கள். பல இனங்களில் முன்கால்களின் உட்புறத்தில் கொக்கியும் இருக்கும். இருந்தால் அது முதிர்ந்த ஆண்.

முதிராதவற்றில் பால் அறிய நம்பகமான வழி, கழற்றிய தோலைப் பார்ப்பது. அதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது கைவந்தால் விற்பவரின் வாயை நம்பி இருக்கத் தேவையில்லை. தோலுரித்த அடுத்த நாள் தோலை மெல்ல எடுங்கள். நெஞ்சும் கால்களும் உருவம் குலையாமல் இருக்கும், வயிற்றுப் பகுதி மட்டும் நனைந்த கடதாசிபோல் சுருண்டு கிடக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கோப்பை கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, சுருண்ட பகுதியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு சிறிய தூரிகையால் உட்புறம் மேலே தெரிய விரியுங்கள். வெள்ளையாக நான்கு திட்டுகள் தெரியும், அவை புத்தகத் தாள்போல் அடுக்கடுக்கான சுவாச உறுப்புகள் இருந்த இடம். முன்னால் உள்ள இரண்டு திட்டுகளுக்கும் இடையில் ஒரு மடிப்புக் கோடு ஓடும். அந்தக் கோட்டில் தூரிகை நுனியை வைத்து நிமிண்டினால் பெண்ணில் சிறிய மடல் ஒன்று எழுந்து நிற்கும். விந்தைச் சேர்த்து வைக்கும் பை அது. ஆணில் நிமிண்டினால் ஒன்றும் எழாது. முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம் போனது, மடல் எழுந்து நின்றதைப் பார்த்தபோது பக்கத்து அறையில் இருந்தவரை எழுப்பிக் காட்டினேன்.

இனி இனங்கள்

அமெரிக்கக் கண்டத்து டரன்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் சுணை, அதாவது அரிக்கும் நுண்ணிய மயிர், உண்டு. பூனைக்காலிக் காயின் சுணை பட்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பின்காலால் வயிற்றைத் தேய்த்துக் காற்றில் விடும். ஆசிய, ஆபிரிக்க இனங்களுக்குச் சுணை இல்லை. அதற்குப் பதிலாக வேகமும் கடியும். டரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. என்றாலும் பொயெசிலோதீரியாவின் கடி தசைகளை முறுக்கிப் பிடிக்க வைக்கும், வைத்தியசாலைக்குப் போகும் அளவுக்கு வலிக்கும். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டு கீழே வாருங்கள்.

முதல் பெரிய டரன்டுலாவுக்கு நான் சொல்வது கிராமோஸ்டோலா புல்க்ரிபெஸ். பராகுவே, ஆர்ஜென்டினா பக்கத்து வெளிகளில் வாழ்வது. கறுத்த உடல், முழங்காலில் பொன்னிறக் கோடு. 18 முதல் 20 சென்ரிமீற்றர் வரை வரும். நிதானமானது, காய்ந்த மண்ணில் ஒரு தண்ணீர்க் கிண்ணம் இருந்தால் போதும், சுணையை எளிதில் வீசாது. குறை ஒன்றுதான்: மிக மெதுவாக வளரும். குஞ்சாக வாங்கினால் பெரிதாக ஐந்தாறு வருஷம் எடுக்கும். மருமகனுக்கு இருபது வயது. பெண் குஞ்சு எடுத்தால் அவன் படிப்பு முடித்து, வேலை தேடி, கல்யாணம் கட்டி, வீடு மாறும்போதும் அது கூடவே வரும். அதை அவனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். நல்ல அறிகுறி.

பெரிசாகத்தான் வேண்டும், காத்திருக்கவும் மனமில்லை என்றால் லாசியோடோரா பராஹிபானா. பிரேசிலின் வடகிழக்கில் பரைபா மாநிலத்திலிருந்து வந்த பெயர். 1917இல் விவரிக்கப்பட்டது. கால்விரிப்பில் கோலியாத்தை நெருங்கும், 25 சென்ரிமீற்றர் பெண்களும் உண்டு. மூன்று நான்கு வருஷத்தில் உள்ளங்கையைத் தாண்டிவிடும். ஒரு முட்டைப் பையில் ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் வருவதால் விலையும் குறைவு, காட்டில் பிடித்ததை வாங்கத் தேவையே வராது. வெப்பம், ஈரம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் தாங்கும். ஆனால் சுணை தாராளமாக வீசும், சாப்பாட்டு நேரத்தில் இடுக்கியையே பிடித்து இழுக்கும். என் மனதுக்கு நெருங்கியது இதுதான்.

அகாந்தோஸ்குரியா ஜெனிகுலாட்டாவுக்குக் கறுப்பு உடலில் வெள்ளை முழங்கால். 20 சென்ரிமீற்றர் தாண்டும். மற்றவை பகலில் பொந்துக்குள் கிடக்கும்போது இது வெளியே உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வருபவர்களுக்குக் காட்ட நல்லது, திறந்த கையை உள்ளே விட நல்லதல்ல.

பெலினோபியஸ் மியூட்டிகஸ் கென்யா, தன்சானியாவில் வாழ்வது. துருப்பிடித்த இரும்பின் நிறம், தடித்த பின்கால்கள். ஆழமாகத் தோண்டி உள்ளேயே இருக்கும். மாதக்கணக்கில் மண்பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதிலும் ஒரு இன்பம் உண்டு, புதியவருக்கு அது புரிய நாள் ஆகும்.

கோலியாத்துக்கு வருவோம். அதற்கு எப்போதும் ஈரமான ஆழ மண் வேண்டும், அதே சமயம் காற்றோட்டமும் வேண்டும். ஈரம் குறைந்தால் தோலுரிக்கும்போது சிக்கிச் சாகும், காற்று குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதன் சுணைதான் டரன்டுலாக்களிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று. ஒருமுறை நண்பரின் கோலியாத் பெட்டியைத் துப்புரவாக்க உதவினேன், கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையில் இரண்டு விரல் அகலம் திறந்திருந்தது. ஒன்பது நாள் அந்த இடம் சிவந்து தடித்து இருந்தது. கண்ணில் பட்டால் சுணை உள்ளே இறங்கி நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும். அதனால் பெரிய அமெரிக்க இனம் எதுவானாலும் பெட்டியைத் திறக்கும்போது கண்ணாடிக் கவசம் போடுங்கள், வேலை முடிந்து கை கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள். கோலியாத் என்று விற்பதில் பல உண்மையில் தெரபோசா ஸ்டிர்மி என்ற நெருங்கிய இனம். 2010இல்தான் அது தனியாகப் பிரிக்கப்பட்டது. வளர்ப்பு முறை ஒன்றுதான், விலை வேறாக இருக்கலாம்.

பொயெசிலோதீரியாவை, எங்கள் சொந்த ஊர்ச் சிலந்தி என்ற பாசத்தில், பலர் முதலில் கேட்கிறார்கள். மின்னல் வேகம், கடுமையான கடி. பெட்டிக்குள் பிறந்து கடதாசியோடு கிடைத்தாலும், நான்கைந்து வருஷம் மற்ற இனங்களை வளர்த்த பிறகு யோசியுங்கள்.

பெட்டி

பாரமான தரைவாழ் டரன்டுலாவின் வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டு, கடைப்பிடிக்காமல் விட்டேன். என் முதல் லாசியோடோரா பெண்ணுக்கு நான்கு வயதானபோது அழகாக இருக்குமென்று உயரமான மீன் தொட்டி ஒன்றுக்கு மாற்றினேன். மண்ணுக்கும் மூடிக்கும் இடையில் நாற்பது சென்ரிமீற்றர். இரவில் கண்ணாடியில் ஏறியிருக்கிறாள். காலையில் பார்த்தபோது தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் கிடந்தாள், வயிற்றில் நகக்கீறல் அளவு வெடிப்பு, அதிலிருந்து நீலம் தட்டிய தெளிந்த நீர். அதுதான் அவற்றின் இரத்தம். மத்தியானத்துக்குள் கால்கள் உள்ளே மடங்கிவிட்டன.

எனவே: பெட்டியின் நீளம் கால்விரிப்பின் மூன்று மடங்கு, அகலம் இரண்டு மடங்கு. மண்ணிலிருந்து மூடி வரை கால்விரிப்பின் ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம். உயரம் கூடிய பெட்டி என்றால் மண்ணை நிரப்பி உயர்த்துங்கள். கம்பி வலை மூடி கூடாது, கால் நகம் வலையில் மாட்டிக் கால் அறுந்துபோகும். துளையிட்ட பிளாஸ்டிக் தகடு நல்லது. உள்ளே கல், கூர்மையான அலங்காரம் எதுவும் வேண்டாம். ஒரு மரப்பட்டை, ஒரு தண்ணீர்க் கிண்ணம், அவ்வளவுதான். கிண்ணத்தில் பஞ்சு வைக்காதீர்கள், கிருமி சேரும்.

மண்ணுக்குத் தும்புத்தூள் கட்டி நல்லது. உரம் கலந்தது வேண்டாம். உவர்த் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள்.

சூடு பற்றி ஒரு சொல். திருகோணமலையில் கச்சான் காற்றில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, வெளிநாட்டுக் குளிரைப் பார்த்தவுடன் சிலந்தி விறைத்துவிடும் என்ற பயம். மருமகனும் விளக்கு ஒன்றை வாங்கி மூடியின் மேல் வைத்திருந்தான். எடுக்கச் சொன்னேன். நீங்கள் சட்டையோடு வசதியாக இருக்கும் 22 முதல் 26 பாகை பெரும்பாலானவற்றுக்குப் போதும். மேலிருந்து அடிக்கும் விளக்கு சிலந்தியைக் காயவைக்கும். அறை மிகக் குளிர்ந்தால் அறையைச் சூடாக்குங்கள்.

நுளம்புச்சுருள், பூச்சி மருந்துத் தெளிப்பு, நாய்க்குப் போடும் உண்ணி மருந்து: எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது. அவை பூச்சிகளைக் கொல்லும் விதத்திலேயே சிலந்தியையும் கொல்லும்.

தீனியும் தோலுரிப்பும்

வளர்ந்தவற்றுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை பெரிய கரப்பான் ஒன்று அல்லது சில்வண்டு மூன்று நான்கு. தீனிக்கென்று வளர்த்ததை வாங்குங்கள். குசினியில் பிடித்த கரப்பான் எங்கே மருந்து தின்றதோ தெரியாது. எலிக்குஞ்சு போடும் காணொளிகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், தேவையில்லை. வயிறு முன்னுடம்பைவிட ஒன்றரை மடங்கு பெருத்துவிட்டால் இடைவெளியைக் கூட்டுங்கள், பெருத்த வயிறு விழுந்தால் எளிதில் வெடிக்கும்.

ஒருநாள் தீனியைத் தொடாது. வயிறு கறுத்து மினுங்கும். பிறகு ஒருநாள் மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று புரட்டிவிடாதீர்கள், தோலுரிக்கிறது. சாகும் டரன்டுலா நிமிர்ந்தபடி கால்களை உள்ளே மடக்கிக்கொள்ளும். தோலுரிக்கும்போது உள்ளே தீனிப் பூச்சி ஒன்றும் இருக்கக்கூடாது, மென்மையான உடலைக் கடித்துவிடும். பெட்டியை அசைக்காதீர்கள். புதிய பற்கள் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், பிறகு கறுக்கும். நன்றாகக் கறுத்த பிறகே தீனி, பெரியவற்றுக்கு அது இரண்டு கிழமைக்கு மேலும் எடுக்கும்.

கையில் எடுத்து விளையாடலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். அதற்கு உங்கள் கையில் ஒரு இன்பமும் இல்லை, விழுந்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன்.

போத்தலில் வந்தது

மருமகன் இப்போது புல்க்ரிபெஸ் குஞ்சு ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். அவன் கதை அப்படி. பொடியனிடம் போத்தலைத் திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். முன்கால்களை உயர்த்தியபோது அடியில் மஞ்சள் தெரிந்தது. வாய்க்குப் பக்கத்தில் கையுறை உருண்டை. முதிர்ந்த ஆண். பெண்ணைத் தேடி மரத்திலிருந்து இறங்கி அலைந்த வழியில்தான் அம்மம்மா வீட்டுச் சுவருக்கு வந்திருக்கிறது. "இதுக்கு இன்னும் கொஞ்ச மாதம்தான் இருக்கு. அதை உன் போத்தலுக்குள்ள கழிக்க வேணுமா?" என்று கேட்டேன். கோட்டைப் பக்கம் திரியும் மான்களை ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டி வைப்பதில்லையே என்று அவனே சொன்னான்.

அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளில் கன்னியாவுக்குப் போனோம். அம்மம்மா வீட்டின் பின்னால் ஒரு பழைய புளியமரம், நெஞ்சுயரத்தில் பொந்து. போத்தலைப் பட்டையில் சாய்த்து, நீளத் தடியால் மூடியைத் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றோம். ஐந்து நிமிஷம் அசையவில்லை. பிறகு ஒரு கால், இன்னொரு கால், அடுத்த கணம் போத்தல் வெறுமை. இருட்டிய பின் டோர்ச்சின் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டி அடித்துப் பார்த்தோம். பொந்து வாயில் பட்டையோடு பட்டையாக அது உட்கார்ந்திருந்தது. இரண்டு முழம் மேலே, நாங்கள் எதிர்பாராத இடத்தில், அதைவிடப் பெரிய இன்னொன்று.

பொடியன் இப்போது சனிக்கிழமைகளில் அங்கே போகிறான். கொப்பி ஒன்றில் திகதி, நேரம், எந்த மரம், எத்தனை என்று எழுதுகிறான். மழைக்காலம் தொடங்கினால் குஞ்சுகள் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.